ஃபுல்லா, அரையா? ஷாட்கன் சோக் பற்றிச் சில கேள்விகள்

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் புதுக்கோட்டைக்காரர் பிரித்விராஜ் தொண்டைமான் டிராப் (பறந்து ஓடும் களிமண் தட்டை ஷாட்கனால் உடைக்கும் போட்டி) சுட்டதிலிருந்து, ஷாட்கன் பக்கம் எட்டிப்பார்க்கும் சென்னைப் பிள்ளைகளிடமிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. இந்த முறை பெரும்பாலும் சோக் பற்றி: ரவை, அதாவது தோட்டாவுக்குள் இருக்கும் சின்ன உருண்டைகள், எவ்வளவு அகலமாகப் பரவ வேண்டும் என்பதைத் தீர்மானிக்க, குழல் முனையில் திருகி மாட்டும் குட்டிக் குழாய்.

துப்பாக்கியோடு ஐந்து சோக் வந்தது. ஒன்றில் ஒரு நட்சத்திரம், இன்னொன்றில் ஐந்து. ஐந்து நட்சத்திரம்தானே உசத்தி? டிராப்புக்கு எதை மாட்டுவது? (வாசகர், அண்ணா நகர்)

ஓட்டல் கணக்கு இங்கே தலைகீழ். ஒரு நட்சத்திரம் என்றால் ஃபுல், மிக இறுக்கம். இரண்டு முக்கால், மூன்று அரை, நான்கு கால், ஐந்து சிலிண்டர், அதாவது இறுக்கமே இல்லை. சோக்கின் விளிம்பில் சின்னச் சின்ன வெட்டுகள் இருக்குமே, அவற்றுக்கும் இதே கணக்குதான். மாட்டிய பிறகு நட்சத்திரம் குழலுக்குள் மறைந்துவிடும், வெட்டு மட்டும் வெளியே தெரியும்.

12 போர் என்னும் வழக்கமான ஷாட்கன் அளவில் குழலின் உள்விட்டம் சுமார் 18.5 மி.மீ. சோக் அதைக் கடைசி சில சென்டிமீட்டரில் கொஞ்சம் குறுக்குகிறது: காலுக்கு 0.25 மி.மீ., அரைக்கு 0.5, முக்காலுக்கு 0.75, ஃபுல்லுக்கு ஏறக்குறைய 1 மி.மீ. இவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் 40 கஜத்தில், 30 அங்குல வட்டத்துக்குள் சிலிண்டரில் 40 சதவீத ரவை விழுந்தால், அரையில் 60, ஃபுல்லில் 70 சதவீதம் என்பது பழைய கணக்கு.

டிராப்பில் தட்டு எறியும் குழி உங்களுக்கு 15 மீட்டர் முன்னால் இருக்கிறது. தட்டு உங்களை விட்டு ஓடுகிறது. நீங்கள் முதல் வெடி போடும்போதே அது 30 மீட்டரைத் தாண்டியிருக்கும். அதனால் ஒன்றன்மேல் ஒன்றாக உள்ள இரண்டு குழலில், முதல் வெடி போகும் கீழ்க்குழலில் முக்கால், இரண்டாவது வெடிக்கான மேல்குழலில் ஃபுல் வைப்பது அனுபவசாலிகள் வழக்கம். நீங்கள் புதிது என்று தெரிகிறது. முதல் சில மாதம் அரையும் முக்காலும் போதும். ஃபுல் மாட்டினால் தட்டு தூளாகும் அழகு ஒரு போதைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஓரமாகப் போகும் வெடியெல்லாம் மொத்தமாகத் தவறிவிடும்.

ஸ்கீட்டுக்கு? (வாசகர், பெரம்பூர்)

ஸ்கீட் என்பது இரண்டு பக்கமிருந்தும் தட்டு குறுக்கே பறக்கும் போட்டி. சிலிண்டருக்கும் காலுக்கும் நடுவே இருக்கும் ஸ்கீட் சோக் அல்லது சிலிண்டர், இரண்டு குழலிலும். அங்கே தட்டு 20 மீட்டருக்குள் உடைய வேண்டும். வேறு யோசனையே வேண்டாம்.

முக்கால் சோக்தான் போடுகிறேன். நேராகத்தான் சுடுகிறேன் என்று பயிற்சியாளரும் சொல்கிறார். சில தட்டுகளில் லேசாகத் தூசு பறக்கிறது, உடைவதில்லை. விலை அதிகமான சோக் வாங்கினால் சரியாகுமா? (வாசகர், வேளச்சேரி)

பணத்தைப் பையிலேயே வையுங்கள். முதலில் நாலு அடிக்கு நாலு அடி பழுப்புக் காகிதம் வாங்குங்கள்.

ரேஞ்ச் அதிகாரியிடம் சொல்லி, பாதுகாப்பான இடத்தில் காகிதத்தைச் சட்டத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். நீங்கள் வழக்கமாகத் தட்டை உடைக்கும் தூரம், உங்கள் விஷயத்தில் 32, 33 மீட்டர் இருக்கும், அங்கிருந்து ஒரே ஒரு வெடி. பிறகு துளைகள் நெருக்கமாக விழுந்த இடத்தை மையமாக வைத்து, ஆணியும் நூலும் கொண்டு 38 செ.மீ. ஆரத்தில் வட்டம் போடுங்கள். வட்டத்துக்குள் எத்தனை துளை என்று பேனாவால் டிக் போட்டபடி எண்ணுங்கள். 24 கிராம் தோட்டாவில் 2.4 மி.மீ. ரவை ஏறக்குறைய 300 இருக்கும். எத்தனை சதவீதம் என்று நீங்களே போட்டுக்கொள்ளலாம். ஒரு காகிதத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. குறைந்தது ஐந்து வேண்டும்.

சதவீதத்தைவிட முக்கியமான சோதனை ஒன்று உண்டு. தட்டின் விட்டம் 11 செ.மீ. அதே அளவில் அட்டையை வட்டமாக வெட்டி, காகிதத்தின் மேல் நகர்த்திப் பாருங்கள். அட்டைக்குள் ஒன்றிரண்டு துளைக்கு மேல் சிக்காத இடங்கள் எத்தனை இருக்கின்றன? அங்கேதான் உங்கள் தட்டு தூசோடு தப்பித்துப் போகிறது. காற்றில் அது பெரும்பாலும் பக்கவாட்டாகத்தான் தெரியும், ஆகவே உண்மை நிலவரம் அட்டை காட்டுவதைவிட மோசம்.

அடுத்து, சோக்கை மாற்றாமல் தோட்டாவை மாற்றி அதே சோதனையைச் செய்யுங்கள். மென்மையான ஈய ரவை குழலுக்குள் நசுங்கிக் கோணலாகப் பறக்கும். கடினமான ரவை உருண்டையாகவே போய்ச் சேரும். ஒரே முக்கால் சோக், ஒரு பிராண்டில் அரைபோலவும் இன்னொன்றில் ஃபுல்போலவும் நடந்துகொள்ளும். சோக்கில் பொறித்திருப்பதை நம்பிச் சுடுபவர்கள்தான் நம்மில் அதிகம். தோட்டா பெட்டி ஒன்றின் விலையில் தீரும் விஷயத்துக்கு, வெளிநாட்டு சோக் வாங்கப் பறக்கிறோம்.

என்னிடம் இருப்பது பெரெட்டா, மொபில்சோக். நண்பரின் ஆப்டிமா எச்பி சோக்கைக் கடன் வாங்கிப் போடலாமா? (வாசகர், பல்லாவரம்)

கூடாது. ஒரே கம்பெனி என்றாலும் மரை வேறு, நீளம் வேறு. மாட்டிப் பார்க்கும்போது இரண்டு சுற்று ஏறிவிட்டால் 'பொருந்திவிட்டது' என்று நினைப்பீர்கள்; அங்கேதான் ஆபத்து. சோக்கின் உள்முனை குழலை ஒட்டி முழுதாக அமரவில்லை என்றால், ரவை அந்த விளிம்பில் மோதி சோக்கைக் கிழித்துக்கொண்டு போகும், குழலும் சேர்ந்து போகும். குழலின் பக்கவாட்டில் எந்த வகை என்று பொறித்திருக்கும். அதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

திருவான்மியூரில் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. மூன்று மாதம் கழற்றாத சோக் இப்போது அசையவே மாட்டேன் என்கிறது. பிளையர் போட்டு இழுக்கலாமா? (வாசகர்)

பிளையரைக் கீழே வையுங்கள்! விளிம்பு நசுங்கினால் பிறகு யாராலும் கழற்ற முடியாது.

உப்புக்காற்று ஒரு பக்கம், வெடிக்கும்போது மரைக்குள் புகுந்து கருகிய கசடு ஒரு பக்கம், இரண்டும் சேர்ந்து பிடித்துக்கொண்டிருக்கிறது. துப்பாக்கியைத் திறந்து, இரண்டு தோட்டா அறையும் காலி என்று கண்ணால் பார்த்த பிறகு குழலைத் தனியாகக் கழற்றுங்கள். துரு இளக்கும் எண்ணெயைச் சோக் விளிம்பைச் சுற்றி விட்டு, முனை கீழே பார்க்கும்படி பழைய துணிமேல் ஓர் இரவு நிறுத்துங்கள். மறுநாள் முனையை மட்டும் நன்றாகச் சூடான தண்ணீரில் சில நிமிடம் பிடித்து, அந்தச் சோக்குக்கென்றே உள்ள சாவியை முழுதாக உட்கார வைத்து, நிதானமாகத் திருப்புங்கள். வெடுக்கென்று திருப்பினால் வெட்டுகள்தான் உடையும். இரண்டு இரவு பார்த்தும் வரவில்லையா? லைசென்ஸ் உள்ள துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொண்டு போங்கள்.

வந்துவிட்டால், பழைய டூத் பிரஷ்ஷால் இரண்டு பக்க மரையையும் தேய்த்து, சூடு தாங்கும் செம்பு கிரீஸ் ஒரு பட்டாணி அளவு தடவுங்கள். பலர் தையல் மிஷின் எண்ணெய் விடுகிறார்கள். அது குழல் சூட்டில் காய்ந்துவிடும். கையால் முழுதாகத் திருகி, சாவியால் ஒரு சின்ன அழுத்தம், போதும். சூடேறும்போது சோக் தானாகவே கொஞ்சம் தளரும், அதனால் 25 தட்டு முடியும்போதெல்லாம் துப்பாக்கியைத் திறந்து காலி செய்துவிட்டுச் சரிபாருங்கள். சோக் இல்லாமல் வெறும் மரையோடு மட்டும் ஒரு வெடிகூட வேண்டாம்.

தாத்தாவின் பழைய டபுள் பேரல், லைசென்ஸ் என் பெயருக்கு மாறிவிட்டது. இரண்டும் இறுக்கமான சோக். முனையில் இரண்டு அங்குலம் வெட்டிவிட்டால் அகலமாகும் என்கிறார் ஒருவர். (வாசகர், மயிலாப்பூர்)

அகலமாகும்தான், சோக் இருப்பதே அந்த இடத்தில். ஆனால் அனுமதியில்லாமல் குழலைக் குறுக்குவது 1959 ஆயுதச் சட்டத்தின் 6-வது பிரிவில் வரும் குற்றம். யோசனை சொன்னவரிடம் இதைச் சொல்லுங்கள். திருகு சோக் மாட்ட மரை போடவும் பழைய குழல்களில் சுவர் தடிமன் போதாது. ஒற்றைக் குண்டுத் தோட்டாவையும் இரும்பு ரவையையும் அந்தத் துப்பாக்கிக்குக் காட்டவே வேண்டாம். இறுக்கமான பழைய சோக் வீங்கிவிடும். அகலம் வேண்டுமென்றால் ரவையைப் பரப்புவதற்கென்றே செய்த தோட்டாக்கள் உண்டு.

சிங்கப்பூரிலிருந்து வரும் மச்சானிடம் இரண்டு சோக் வாங்கி வரச் சொல்லலாமா? அப்படியே சத்தம் குறைக்கிற மாதிரி ஏதாவது? (வாசகர், தாம்பரம்)

மச்சானை ஏன் வம்பில் மாட்டிவிடுகிறீர்கள்? 'ஆயுதம்' என்றால் அதன் பாகங்களும் சேர்த்திதான் என்கிறது நம் சட்டம். மீனம்பாக்கத்தில் பெட்டி ஸ்கேன் ஆகும்போது 'இது வெறும் குழாய் சார்' என்பது எடுபடாது. லைசென்ஸ் உள்ள டீலர் வழியாக, ரசீதோடு வாங்குங்கள். சத்தம் குறைக்கும் கருவியோ, 2016 ஆயுத விதிகளில் தடைசெய்யப்பட்ட வகையில் இருக்கிறது. சத்தம் தொந்தரவு என்றால் காதுக்குள் இயர் பிளக், அதற்குமேல் காதை மூடும் மஃப், இரண்டையும் சேர்த்துப் போடுங்கள்.