பாட்டியின் பெயரைப் படிவத்தில் எழுதலாமா?

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் மூன்றாம் ஆண்டு கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறாள். அமெரிக்க ராணுவத்துக்கு வேலை செய்யும் ஒப்பந்த நிறுவனம் ஒன்று இன்டர்ன்ஷிப்புக்கு எடுத்திருக்கிறது, 'சீக்ரெட்' கிளியரன்ஸ், அதாவது அரசின் ரகசியத் தகவல்களைக் கையாள அரசு தரும் அனுமதி, வேண்டும் என்கிறது. அவள் சந்தோஷத்தில் இருக்கிறாள், உங்களுக்கும் உங்கள் வீட்டுக்காரருக்கும் தூக்கம் போய்விட்டது. மதுரையில் பாட்டி, சென்னையில் ஃபிளாட், நாலைந்து சித்தப்பா, பெரியப்பா. எழுதினால் வேலை போய்விடுமா, எழுதாமல் விட்டால் யாருக்குத் தெரியப் போகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த இரண்டாவது கேள்வியை இப்போதே மறந்துவிடுங்கள். காரணத்துக்குப் பிறகு வருகிறேன்.

உங்கள் வீட்டுக்காரர் கேட்டபடி, பணம் கட்டி முன்கூட்டியே கிளியரன்ஸ் வாங்கி வைத்துக்கொள்ள முடியாது. தனி ஆள் யாரும் நேரடியாக விண்ணப்பிக்க வழியே இல்லை. 'இந்த வேலைக்கு இவருக்கு அனுமதி தேவை' என்று ஓர் அரசுத் துறையோ, அதன் ஒப்பந்த நிறுவனமோ முன்மொழிய வேண்டும். விசாரணைச் செலவு முழுக்க அரசாங்கத்துடையது. கட்டணம் கேட்டு யாராவது வந்தால் அவர் மோசடிக்காரர். இன்னொன்று, இதற்கு அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். உங்கள் மகள் அங்கேயே பிறந்தவள், அந்தக் கவலை இல்லை. கிரீன் கார்டில் இருக்கும் அவளுடைய தோழிக்கு இந்தக் கதவு இப்போதைக்குத் திறக்காது.

கான்ஃபிடென்ஷியல், சீக்ரெட், டாப் சீக்ரெட் என்று மூன்று நிலை உண்டு. மேலே போகப் போக விசாரணை ஆழமாகும். டாப் சீக்ரெட் என்றால் விசாரணை அதிகாரி நேரில் உட்கார்ந்து பேசுவார், பக்கத்து வீட்டுக்காரரிடமும் போய் விசாரிப்பார். சிஐஏ, என்எஸ்ஏ போன்ற உளவு அமைப்புகளில் பாலிகிராஃப் என்ற பொய் கண்டறியும் சோதனையும் இருக்கும். உங்கள் மகளுக்குக் கேட்டிருப்பது நடுவில் இருப்பது. பெரும்பாலும் ஆவணங்களையும் பதிவுகளையும் சரிபார்ப்பதோடு முடியும். ஏதாவது முரண்பட்டால் கூப்பிட்டுப் பேசுவார்கள்.

எல்லாம் தொடங்குவது எஸ்.எஃப். 86 என்ற படிவத்தில். இப்போது ஆன்லைனில் நிரப்புகிறார்கள். போன வருடம் ஒரு மாணவன் என் எதிரே உட்கார்ந்துதான் இதை நிரப்பினான். கடந்த 10 ஆண்டுகளில் குடியிருந்த எல்லா முகவரிகளும் வேண்டும், இடையில் ஒரு மாதம்கூட விடுபடக் கூடாது. முதலாமாண்டு ஹாஸ்டல் அறையைக் காலி செய்தது மே மாதமா ஜூன் மாதமா என்று அவனுக்கு நினைவில்லை. கடைசியில் அவன் அம்மாவின் வாட்ஸ்அப்பில், பெட்டி தூக்கிக்கொண்டு நிற்கும் போட்டோவின் தேதியைப் பார்த்துத்தான் எழுதினான். வேலை, படிப்பு, கடந்த 7 ஆண்டுகளின் வெளிநாட்டுப் பயணங்கள், அந்த 7 ஆண்டுகளில் தன்னை நன்றாக அறிந்த மூன்று பேர், கடன் பாக்கி, போலீஸ் விவகாரம் என்று கேள்விகள் நீண்டுகொண்டே போகும். விரல்ரேகையும் எடுப்பார்கள். பிறகு டிசிஎஸ்ஏ என்ற பாதுகாப்புத் துறை முகமை விசாரிக்கும்.

சரி, பாட்டி விஷயம். உறவினர் பட்டியலில் பெற்றோரையும் உடன்பிறந்தவர்களையும் எழுத வேண்டும். திருமணமானவர்களுக்குக் கணவரோ மனைவியோ, பிள்ளைகள், மாமனார், மாமியார் என்று நீளும். பாட்டி அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் அடுத்தே ஒரு கேள்வி வரும்: கடந்த 7 ஆண்டுகளில் நெருக்கமான அல்லது தொடர்ச்சியான பழக்கம் உள்ள வெளிநாட்டவர் யார்? அன்பாலோ கடமையாலோ கட்டுண்டவர்கள் யார்? ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீடியோ காலில் 'சாப்பிட்டியாடி கண்ணு' என்று கேட்கும் பாட்டி இங்கே வந்துவிடுவார், எழுதத்தான் வேண்டும். கல்யாணத்தில் ஒருமுறை பார்த்து வணக்கம் சொன்ன பெரியப்பாவை எழுதத் தேவையில்லை. உறவு எவ்வளவு நெருக்கமானது என்பதுதான் அளவுகோல். அப்படி எழுதப்படுகிற சித்தப்பா ஒருவர் இந்திய ராணுவத்திலோ அரசுத் துறையிலோ இருந்தால் அதையும் சொல்ல வேண்டும், அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்தாலும்தான்.

ஃபிளாட் விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. உங்கள் இருவர் பெயரில் மட்டும் இருந்தால் அது உங்கள் சொத்து, அவளுடையது இல்லை. ஆனால் வெளிநாட்டில் நிலமோ வீடோ சொந்தமாக இருக்கிறதா என்று கேட்பதோடு, சொந்தமாகும் என்று எதிர்பார்க்கிறாயா என்றும் படிவம் கேட்கிறது. 'இது எல்லாம் உனக்குத்தாண்டி' என்று நீங்கள் சொல்லி வளர்த்திருந்தால், அவள் 'ஆம்' என்று எழுதுவதுதான் நேர்மை. ஊர் வங்கியில் அவள் பெயரில் வைப்புத்தொகை போட்டிருந்தாலும் சொல்லிவிடுங்கள், அப்படி ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாமல் இருக்கலாம்.

இதெல்லாம் எழுதினால் மறுத்துவிடுவார்களா? 2017 ஜூனிலிருந்து நடப்பில் உள்ள விதிகளில் 13 தலைப்புகள் இருக்கின்றன. வெளிநாட்டுச் செல்வாக்கு அதில் ஒன்று. அந்த உறவை வைத்து யாராவது இவளை மிரட்டவோ வளைக்கவோ முடியுமா என்று பார்க்கிறார்கள். எந்த நாடு, உறவினர் என்ன வேலை, இவளுடைய வாழ்க்கை எங்கே வேரூன்றியிருக்கிறது என்று எல்லாவற்றையும் சேர்த்து எடைபோடுவார்கள். இந்தியாவில் பாட்டி இருக்கிறார் என்பதற்காக மட்டும் கதவைச் சாத்துவதில்லை. ஒப்பந்த நிறுவன ஊழியர்களின் மேல்முறையீட்டுத் தீர்ப்புகளை டிஓஎச்ஏ என்ற அமைப்பு பெயர்களை நீக்கிவிட்டு இணையத்தில் வெளியிடுகிறது. உங்கள் வீட்டுக்காரருக்குத் தூக்கம் வராத இரவில் அவற்றைப் படிக்கச் சொல்லுங்கள். ஊரில் அப்பா அம்மா இருப்பவர்களின் கதைகள் அங்கே கிடைக்கும்.

மறைத்தால் நிலைமை வேறு. படிவத்தில் தெரிந்தே பொய் சொல்வது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம், 5 ஆண்டு வரை சிறை உண்டு. வழக்கு வரை போகாவிட்டாலும், மறைத்தாள் என்பதே மறுப்பதற்குப் போதும். எழுதியிருந்தால் ஒரு வரியில் முடிந்திருக்கும் பாட்டி, எழுதாததால் பெரிய மர்மமாகிவிடுவார். இத்தனை வருடத்தில் நான் பார்த்த சிக்கல்களில் முக்கால்வாசி, வீட்டில் பெரியவர்கள் 'அதை எதுக்குச் சொல்லணும்' என்று சொன்னதில் தொடங்கியவை. கோபிக்க வேண்டாம்.

இன்னொரு விஷயம், கொஞ்சம் சங்கடமானது. போதைப் பொருள் பற்றியும் கேட்பார்கள். பல மாநிலங்களில் கஞ்சா சட்டப்படி கடையில் கிடைக்கிறது, ஆனால் கூட்டாட்சிச் சட்டத்தில் இன்னும் குற்றம்தான். எப்போதோ ஒருமுறை பார்ட்டியில் தொட்டிருந்தால் அதுவே முடிவைத் தீர்மானிக்காது. இப்போதும் தொடர்ந்தால் அனுமதி கிடைக்காது. இதைப் படித்ததும் அவளைக் கூப்பிட்டு விசாரணைக் கமிஷன் நடத்தாதீர்கள். படிவத்தை அவளே தனியாக உட்கார்ந்து நிரப்பட்டும். நீங்கள் பின்னால் நின்றால் அவள் பொய் எழுதக்கூடும். மனநல ஆலோசனைக்குப் போயிருந்தால் அதை மட்டும் வைத்துத் தப்பாக எடுக்கக் கூடாது என்று விதியே இருக்கிறது, அதற்காகச் சிகிச்சையை நிறுத்தச் சொல்லாதீர்கள்.

மறுத்தால்கூட ஒரே அடியாக முடிவதில்லை. காரணங்களை எழுத்தில் தருவார்கள், பதில் சொல்லவும் மேல்முறையீடு செய்யவும் வழி உண்டு. ஆனால் கிளியரன்ஸ் யாருக்கும் உரிமை இல்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1988-இலேயே ஒரு வழக்கில் சொல்லிவிட்டது. அதனால் இன்னொரு சாதாரண இன்டர்ன்ஷிப்பையும் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மாதக்கணக்கில் இழுப்பதும் சகஜம். இடைக்கால அனுமதி கிடைத்தால் சீக்கிரம் சேர்ந்துவிடலாம்.

கிடைத்த பிறகும் வாழ்க்கை கொஞ்சம் மாறும். ரகசியம் காக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவார்கள், வேலையை விட்டாலும் அது கட்டுப்படுத்தும். 'இன்னைக்கு ஆபீஸ்ல என்னம்மா செஞ்சே' என்ற கேள்விக்கு இனி முழுப் பதில் வராது, மனத்தாங்கல் வேண்டாம். முன்பெல்லாம் சீக்ரெட் நிலைக்கு 10 ஆண்டுக்கு ஒருமுறை மறு விசாரணை நடந்தது. இப்போது கைது, கடன் பாக்கி போன்றவற்றைத் தொடர்ந்து கண்காணிக்கிறார்கள். அப்புறம், சித்தப்பா மகன் கல்யாணத்துக்கு மதுரை போவதானால், டிக்கெட் எடுப்பது போலவே முன்கூட்டி அலுவலகத்தில் தெரிவிப்பதும் அவள் வேலை.

இப்போதைக்கு உங்களுக்கு ஒரே ஒரு வேலை. நீங்கள் இருவரும் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய சான்றிதழ்கள் பீரோவில் எங்கேயோ இருக்கும். வெளிநாட்டில் பிறந்த பெற்றோருக்கு அந்தச் சான்றிதழின் எண்ணைப் படிவம் கேட்கிறது. இந்த வாரமே தேடி எடுத்து, எண்ணை ஒரு தாளில் எழுதி அவளிடம் கொடுங்கள். உங்கள் பிறந்த தேதி இந்தியப் பாஸ்போர்ட்டில் ஒன்றும் பள்ளிச் சான்றிதழில் ஒன்றுமாக இருந்தால், அதையும் அவளிடம் சொல்லிவிடுங்கள்.