நிரம்பாத பெட்டிகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆறு ஆண்டுகளாகத் தனியாக ஒரு வாடகை வீட்டில் இருக்கிறேன். இந்த மாதக் கடைசியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மாறுகிறேன். அங்கே ஏற்கெனவே இருவர் இருக்கிறார்கள். மூன்றாவது அறை எனக்கு. சமையலறை, கூடம், குளியலறை எல்லாம் பொது. இந்த வீட்டைக் காலி செய்ய இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது. அட்டைப்பெட்டிகள் வாங்கி அடுக்கி இரண்டு வாரம் ஆகிவிட்டது. ஒன்றுகூட நிரம்பவில்லை.

மாலையில் வேலை முடிந்து வந்ததும் அலமாரியைத் திறக்கிறேன். பழைய நோட்டுப் புத்தகம் ஒன்று கையில் சிக்குகிறது. உட்கார்ந்து படிக்க ஆரம்பித்துவிடுகிறேன். நேற்று ஜன்னல் கம்பிகளைத் துடைத்தேன். காலி செய்யப்போகிற வீட்டின் ஜன்னலை! பெட்டிகளில் ஒட்டுவதற்கு ஐந்து வண்ணங்களில் சீட்டுகள் தயாரித்து வைத்திருக்கிறேன். அங்கே இருப்பவர்கள் “என்னென்ன கொண்டுவருகிறீர்கள்?” என்று கேட்டுச் செய்தி அனுப்பியிருந்தார்கள், பார்த்துச் சொல்கிறேன் என்று பதில் போட்டிருக்கிறேன்.

அலுவலகத்தில் எந்த வேலையையும் நான் தள்ளிப்போட்டதில்லை. இதில் மட்டும் ஏன் இந்தச் சோம்பல்? தரம் பிரிக்காமல் எல்லாவற்றையும் பெட்டிகளில் கொட்டிக்கொண்டு போய், அங்கே வைத்துப் பிரித்துக்கொள்ளலாமா? முதல் சம்பளத்தில் வாங்கிய பெரிய மேசை ஒன்று இருக்கிறது. அதை என்ன செய்வது என்ற யோசனையே தூக்கத்தைக் கெடுக்கிறது.

(பெயர் வெளியிட வேண்டாம்)

*

அன்புள்ள நண்பருக்கு,

காலி செய்யப்போகிற வீட்டின் ஜன்னலைத் துடைப்பவரைச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சோம்பேறியாக இருந்திருந்தால் படுத்துத் தூங்கியிருப்பீர்கள். நீங்களோ மாலை முழுக்க ஏதோ ஒன்றைச் செய்துகொண்டே இருந்திருக்கிறீர்கள். அந்த ஒரு வேலையின் பக்கம் மட்டும் போகவில்லை.

தள்ளிப்போடும் பழக்கத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த கனடா நாட்டு உளவியலாளர் திமோத்தி பிச்சிலும் அவருடன் பணியாற்றியவர்களும் இதை நேரத்தைக் கையாளத் தெரியாத குறையாக மட்டும் கருதுவதில்லை. ஒரு வேலையை நினைத்தாலே மனம் சங்கடப்படுகிறது; அதைவிட்டு விலகியதும் உடனே ஓர் ஆறுதல் கிடைக்கிறது; அந்த ஆறுதலுக்காகவே தள்ளிப்போடுகிறோம் என்பது அவர்கள் தரும் விளக்கம். நேரத்தைத் திட்டமிடுங்கள், அட்டவணை போடுங்கள் என்று இதற்குள் பலரும் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். ஐந்து வண்ணத்தில் சீட்டு தயாரித்தவருக்கு அட்டவணை போடத் தெரியாதா என்ன? அது என்ன சங்கடம் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அலுவலகத்தோடு ஒப்பிட்டிருக்கிறீர்கள். அங்கே உங்களிடம் வரும் வேலை எதற்கு, எவ்வளவு, எப்போது முடிய வேண்டும் என்பதைப் பெரும்பாலும் வேறு யாராவது தீர்மானித்திருப்பார்கள். வீட்டைக் காலி செய்யும்போது அப்படி யாரும் இல்லை. பழைய சார்ஜர், பிடி உடைந்த வாணலி, எந்தப் பூட்டுக்கு என்று தெரியாத சாவி, யாரோ பரிசளித்த ஓடாத கடிகாரம் என்று கையில் எடுக்கிற ஒவ்வொன்றுக்கும் நீங்களே தீர்ப்பு எழுத வேண்டும். காகிதம் சுற்றிப் பெட்டிக்குள் வைக்க அரை நிமிடம் போதும். வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுக்கத்தான் அரை மணி நேரம்.

அதுவும் ஒரு பொருள் நம்முடையது என்று ஆனபின் அதன் மதிப்பு நம் கண்ணில் ஏறிவிடுகிறது. டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1990இல் வெளியிட்ட ஒரு சோதனை பிரபலமானது. வகுப்பில் பாதி மாணவர்களுக்கு ஆளுக்கொரு காபிக் கோப்பையைக் கொடுத்துவிட்டு, அதை என்ன விலைக்கு விற்பீர்கள் என்று கேட்டார்கள். கோப்பை கிடைக்காதவர்களிடம், என்ன விலைக்கு வாங்குவீர்கள் என்று கேட்டார்கள். விற்பவர்கள் கேட்ட விலை, வாங்குபவர்கள் தரத் தயாராக இருந்ததைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்தக் கோப்பைகள் அவர்கள் கைக்கு வந்து சிறிது நேரமே ஆகியிருந்தது. உங்களிடம் இருப்பவை ஆறு ஆண்டுச் சாமான்கள்.

ஆனால் இதெல்லாம் வீடு மாறுகிற எவருக்கும் உள்ளதுதான். உங்கள் கடிதத்தில் நான் நின்று மறுபடி படித்த இடம் வேறு. புதிய வீட்டில் இருக்கும் இருவர் என்னென்ன கொண்டுவருகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, அதை ஒரே வரியில் கடந்துபோய்விட்டீர்கள். முடிச்சு அங்கேதான் விழுந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

தனி வீட்டிலிருந்து இன்னொரு தனி வீட்டுக்குப் போகிறவர் தன்னை மட்டும் கேட்டுக்கொண்டால் போதும். உங்கள் நிலை அப்படி இல்லை. அங்கே ஃபிரிட்ஜ் இருக்கிறதா, வாஷிங் மெஷின் இருக்கிறதா, சமையலறை அலமாரியில் உங்களுக்கு எத்தனை தட்டு என்று தெரியாமல், உங்கள் குக்கரை எடுத்துப்போவதா கொடுத்துவிடுவதா என்று எப்படி முடிவு செய்வீர்கள்? உங்கள் வீட்டு அலமாரியை எத்தனை முறை திறந்து பார்த்தாலும் இதற்கு விடை கிடைக்காது. அவர்களிடம் கேட்டால் ஐந்து நிமிடத்தில் கிடைத்துவிடும். நீங்கள் கேட்காமல் இருப்பதற்கும் காரணம் இருக்கிறது. கேட்டவுடன் பேரம் தொடங்கிவிடும். அவர்கள் ஏற்கெனவே வாழ்கிற வீட்டுக்குள் புதிதாக நுழைகிறவர் நீங்கள். இரண்டு தட்டு வேண்டும் என்று சொல்ல நாக்கு கூசும். “உங்கள் சோபா எதற்கு, இங்கேதான் ஒன்று இருக்கிறதே” என்று அவர்கள் இயல்பாகச் சொன்னால்கூட உங்களுக்குச் சுருக்கென்று இருக்கும். எந்த விளக்கை எப்போது அணைப்பது என்பதைக்கூட ஆறு ஆண்டுகளாக யாரையும் கேட்காமல் வாழ்ந்தவருக்கு இது சிறிய விஷயம் இல்லை. பழைய நோட்டுப் புத்தகத்தில் மூழ்கிப்போவது அதைவிடச் சுகம்.

ஆகவே இன்று இரவு பெட்டிகளைத் தொட வேண்டாம். அவர்களைத் தொலைபேசியில் அழையுங்கள். செய்தியாக அனுப்பினால் அது இன்னும் சில நாள் இழுக்கும். அந்த இழுவையை நீங்களே விரும்பி வளர்ப்பீர்கள். பொதுவில் என்னென்ன பொருள்கள் இருக்கின்றன, சமையலறையிலும் குளியலறையிலும் உங்களுக்கு எவ்வளவு இடம், உங்கள் அறையின் நீள அகலம், அறைக்குள் கட்டிலோ அலமாரியோ ஏற்கெனவே இருக்கிறதா, வாசல் கதவின் அகலம் என்ன என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் பொருள் ஒன்றைப் பொதுப் பயன்பாட்டுக்கு வைத்து அது பழுதானால் யார் சரிசெய்வது என்பதையும் முதலிலேயே பேசிவிடலாம். (பலர் சேர்ந்து வாழும் வீடுகளில் சண்டை பணத்தால்தான் வரும் என்பார்கள். நான் பார்த்தவரை, அடிப்பிடித்த பாத்திரத்தில் தண்ணீரை ஊற்றிவைத்துவிட்டு வெளியூர் போனவரால் வந்த சண்டைகளே அதிகம்.) அழைப்பை வைக்கும்போது உங்கள் பெரிய சாமான்களில் பாதிக்கு விடை தெரிந்திருக்கும்.

ஒன்பது நாளை நம்பி இருக்காதீர்கள். 1994இல் ரோஜர் பியூலர், டேல் கிரிஃபின், மைக்கேல் ராஸ் ஆகிய உளவியலாளர்கள், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே கெட்டுப்போனால்கூட எத்தனை நாள் ஆகும் என்று கேட்டதற்கு 49 நாள் அளவில் சொன்னார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கும் மேல். உங்களுக்கோ சாவியை ஒப்படைக்கும் நாள் நகராது. மூட்டை கட்டும் வேலையை ஐந்து நாளுக்குள் அடக்கப் பாருங்கள்.

நாளை தொடங்கும்போது யோசிக்கவே தேவையில்லாதவற்றை முதலில் எடுங்கள்: இந்தப் பருவத்துக்கு வேண்டாத உடைகள், கட்டாயம் உடன் வரப்போகிற புத்தகங்கள். புத்தகங்களுக்குச் சிறிய பெட்டியே போதும். பெரிய பெட்டியை நிரப்பினால் தூக்க ஆளிருக்காது, அடியும் கிழியும். சீட்டை மூடியின்மேல் ஒட்டாமல் பக்கவாட்டில் ஒட்டுங்கள், ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியபின்பும் படிக்க முடியும். ஐந்து வண்ணத்தில் உங்களுக்குத் தேவை இரண்டுதான்: ஒன்று உங்கள் அறைக்கு, மற்றொன்று பொது இடத்துக்கு. ஃபிரிட்ஜைக் கொண்டுபோவதானால் முந்தைய நாளே காலி செய்து, அணைத்து, கதவைத் திறந்துவையுங்கள். ஆவணங்கள், மருந்துகள், சார்ஜர், ஒரு மாற்றுடை, படுக்கை விரிப்பு ஆகியவை தனிப் பையில் உங்களுடனே வரட்டும்.

அப்படியே கொட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். தனி வீட்டுக்குப் போகிறவர் பிரிக்காத பெட்டிகளை ஓர் ஆண்டுகூட மூலையில் வைத்திருக்கலாம், கேட்க ஆளில்லை. உங்களுக்கு இருப்பது ஓர் அறை. மிச்சம் கூடத்துக்கு வரும். அந்த இருவர் தினமும் உங்கள் பெட்டிகளைச் சுற்றிக்கொண்டு நடக்க வேண்டியிருக்கும். நோட்டுப் புத்தகங்கள், கடிதங்கள், புகைப்படங்களுக்கு மட்டும் விதிவிலக்கு தருகிறேன். அவற்றைத் திறக்காமல் மொத்தமாக ஒரு பெட்டியில் வைத்து ஒட்டிவிடுங்கள். படித்துப் பார்த்துத்தான் கழிப்பது என்றால் சாவியைக் கேட்டு வீட்டுக்காரர் வாசலில் நிற்கும்போதும் நீங்கள் படித்துக்கொண்டிருப்பீர்கள்.

கடைசியாக, அந்த மேசை. அறையின் அளவு தெரியாதவரை நானும் இதற்குப் பதில் சொல்ல முடியாது, நீங்களும் தூங்க முடியாது. அளவு கிடைத்ததும் தரையில் சுண்ணக்கட்டியால் அறையை வரைந்து பாருங்கள். கட்டிலைப் போட்டபின்பும் நாற்காலியை இழுத்து உட்கார இடம் இருந்தால் கொண்டுபோங்கள். கால்களைக் கழற்ற முடியுமானால் திருகாணிகளைச் சிறு பையில் போட்டுப் பலகையின் அடியிலேயே ஒட்டிவிடுங்கள். இடம் இல்லையென்றால் கூடத்தில் போடலாமா என்று அந்த இருவரிடம் கேட்டுப் பாருங்கள். மூவர் இருக்கும் வீட்டில் பெரிய மேசைக்கு எப்போதும் வேலை இருக்கும். ஆனால் கூடத்துக்குப் போனபின் அது மூவரின் மேசை. அதன்மேல் அடுத்தவரின் ஈரத் துண்டு கிடக்கும். அதைப் பார்த்துக்கொண்டு இருக்க உங்களால் முடியாது என்று தோன்றினால் இந்த வாரமே விற்றுவிடுங்கள்.

அன்புடன்.