டிஜிட்டல் கீபோர்டில் பழைய எலக்ட்ரிக் பியானோவின் ஒலியை எப்படிக் கொண்டுவருவது?

கேள்வி இதுதான்: கையில் 61 கட்டை கீபோர்டு இருக்கிறது, எலக்ட்ரிக் பியானோ டோன்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாகிவிட்டது, ஆனால் 70களின் இசைத்தட்டுகளில் கேட்கும் அந்தச் சத்தம் வரவில்லை. வேறு கீபோர்டு வாங்க வேண்டுமா?

வேண்டாம். இப்போதைக்கு வேண்டாம்.

பதினைந்து வருடமாக மெல்லிசைக் கச்சேரிகளில் கீபோர்டு வாசிக்கிறேன். அதில் பாதிக் காலம் நானும் டோன் நம்பரை மாற்றி மாற்றித்தான் தேடிக்கொண்டிருந்தேன். ஒருமுறை ரெக்கார்டிங் வேலையாகப் போன இடத்தில், மூலையில் துணி போட்டு மூடி, ரோட்ஸ் என்ற பழைய எலக்ட்ரிக் பியானோ ஒன்று நின்றது. 73 கட்டை ஸ்டேஜ் மாடல். ஆசையாகப் போய் ஒரு கார்டு (சேர்ந்தொலிக்கும் சில ஸ்வரங்கள்) அமுக்கினேன். சாவிக்கொத்து குலுங்கியது போல ஒரு சன்னச் சத்தம், கூடவே மரத்தில் தட்டியது போல ‘தொக்’. அவ்வளவுதான். “அண்ணே, இது ரிப்பேரா?” என்றேன். ஸ்டுடியோக்காரர் சிரித்துவிட்டு, ஒரு வயரை எடுத்து பக்கத்திலிருந்த கிட்டார் ஆம்பில் (ஒலிபெருக்கிப் பெட்டியில்) செருகினார். “இப்ப வாசி தம்பி.” அதே கார்டு. இத்தனை நாள் நான் தேடிய சத்தம் அந்தப் பெட்டியிலிருந்து வந்தது.

மூடியைத் திறந்து உள்ளேயும் காட்டினார். ஒவ்வொரு கட்டைக்கும் டைன் என்ற மெல்லிய எஃகுக் கம்பி. அதன் மேல் ஒரு கனத்த உலோகப் பட்டை. இரண்டும் சேர்ந்து ஒரு ட்யூனிங் ஃபோர்க் (இசைக்கவை). கட்டையை அமுக்கினால் சுத்தியல் கீழிருந்து கம்பியை அடிக்கும். கம்பி நுனிக்கு எதிரே கிட்டாரில் இருப்பது போன்ற, அதிர்வை மின்சாரமாக்கும் காந்தப் பிக்கப் ஒன்று இருக்கும். கம்பி பிக்கப்பின் நட்ட நடுவுக்கு நேராக நின்றால் மேல் ஸ்தாயி தூக்கலாகி மணி போல ஒலிக்கிறது. கொஞ்சம் விலக்கி வைத்தால் உருண்டையான ஒலி. ஓங்கி அடித்தால் கம்பி ஆடும் அகலம் கூடி, ஒலி வளைந்து உறுமும். மெதுவாக அடித்தால் மணி, ஓங்கி அடித்தால் உறுமல்: இந்த இரண்டுக்கும் நடுவில் விரல் போய்வருவதுதான் ரோட்ஸ். உங்கள் கீபோர்டில் இந்தப் போக்குவரத்து இல்லை என்பதுதான் பிரச்சினை. டோன் அநேகமாக நன்றாகத்தான் இருக்கும்.

முதலில் எந்த எலக்ட்ரிக் பியானோ வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். மூன்றையும் ஒரே பெயரில்தான் அழைக்கிறோம். ஹரால்ட் ரோட்ஸ் உருவாக்கிய ரோட்ஸ், 1965-இல் ஃபெண்டர் பெயரையும் சேர்த்துக்கொண்டு 73 கட்டைகளோடு வந்தது. வுர்லிட்சர் வேறு ஜாதி: கம்பிக்குப் பதில் தட்டையான எஃகு ரீடு, காந்தத்துக்குப் பதில் மின்னழுத்தம் ஏற்றிய தகடு. மூக்கால் பாடுவது போன்ற குரல், அழுத்தினால் சீக்கிரம் கரகரக்கும். 1959-இல் அமெரிக்கப் பாடகர் ரே சார்ல்ஸ் கையில் கேட்டது இதுதான். மூன்றாவது, 1983-இல் யமாஹா டிஎக்ஸ்7 கொண்டுவந்த கண்ணாடி மாதிரியான ஒலி. அதில் கம்பியும் இல்லை, ரீடும் இல்லை; எல்லாம் எஃப்எம் (ஓர் அலையால் இன்னோர் அலையை ஆட்டி ஒலி உண்டாக்கும் முறை) கணக்கு. ஜெனரல் மிடி (கீபோர்டுகளுக்குப் பொதுவான டோன் எண் பட்டியல்) வரிசைப்படி 5-ஆம் எண் பெரும்பாலும் ரோட்ஸ் சாயல், 6-ஆம் எண் டிஎக்ஸ் சாயல். 70களைத் தேடிக்கொண்டு 6-இல் உட்கார்ந்திருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரி, 5-ஆம் எண்ணைப் போடுங்கள். அடுத்த வேலை கழிப்பது. கம்பெனிக்காரர்கள் கடையில் கேட்பவர் மயங்க வேண்டும் என்று ஹால் ரிவர்பையும் (மண்டப எதிரொலி) கோரஸையும் (பலர் சேர்ந்து வாசிப்பது போன்ற எஃபெக்ட்) தாராளமாக ஊற்றித்தான் அனுப்புகிறார்கள். இரண்டையும் சுழியமாக்குங்கள். டோன் மொட்டையாகக் கேட்கும், பயப்படாதீர்கள். அந்த மூலையில் ஆம்ப் இல்லாமல் நின்ற ரோட்ஸ் அதைவிட மொட்டை.

இப்போது ஆம்ப். ஸ்டேஜ் மாடலில் ஸ்பீக்கரே கிடையாது. பெரும்பாலும் கிட்டார் ஆம்பில்தான் போடுவார்கள். கிட்டார் ஆம்பின் 12 அங்குல ஸ்பீக்கர் சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் அதிகம் தராது. அந்தப் போர்வைதான் நாம் ‘பழைய சத்தம்’ என்று சொல்வதில் பாதி. கீபோர்டில் ஆம்ப் சிமுலேஷன் (ஆம்பைப் போல ஒலிக்க வைக்கும் எஃபெக்ட்) இருந்தால் போட்டு, டிரைவைக் (கரகரப்பின் அளவை) கொஞ்சமாக ஏற்றுங்கள். மெதுவாக வாசித்தால் சுத்தமாகவும் ஓங்கினால் மட்டும் லேசாகக் கரகரக்கவும் வேண்டும். ஆம்ப் சிமுலேஷன் இல்லையென்றால் ஈக்யூவில் (ஒலியின் மேல், கீழ்ப் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் இடத்தில்) ட்ரெபிளைக் குறையுங்கள், 250 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் வெட்டுங்கள். நண்பரிடம் கிட்டார் ஆம்ப் இருந்தால் ஒரு மாலை இரவல் வாங்குங்கள். கீபோர்டின் வால்யூமை மட்டும் குறைத்து வைத்து ஆரம்பியுங்கள், அதன் அவுட்புட் கிட்டாரைவிட பலம்.

ட்ரெமோலோ (ஒலி அளவு ஏறி இறங்கும் ஆட்டம்) விஷயத்தில் நான் அவமானப்பட்டிருக்கிறேன். ஸ்பீக்கரோடு வந்த ரோட்ஸ் சூட்கேஸ் மாடலில் ‘வைப்ரேட்டோ’ (சுருதி அசைவு) என்று எழுதியிருக்கும், ஆனால் சுருதி அசையாது. ஒலிதான் இடமும் வலமுமாகப் போய்வரும். ஹெட்போனில் அது சொர்க்கம். ஒரு கல்யாண ரிசப்ஷனில் அதை முழு ஆழத்தில் வைத்துக்கொண்டு போனேன். சவுண்டு அண்ணன் இரண்டு வயரில் இடப்பக்கத்தை மட்டும் மிக்சரில் ஏற்றியிருக்கிறார். பல்லவி முழுக்க என் பியானோ வந்து வந்து போனது. பாடிக்கொண்டிருந்த அக்கா திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. இரண்டு வயரையும் ஏற்றி நடுவில் கலந்துவிட்டாலும் பிரச்சினைதான்: இடம் குறையும்போது வலம் கூடுவதால் ஆட்டமே காணாமல் போகும். மேடை மோனோ (இடம் வலம் இல்லாத ஒரே சேனல்) என்றால் வுர்லிட்சர் பாணியில், ஒலி ஏறி இறங்கும் மோனோ ட்ரெமோலோவைப் போடுங்கள். வேகம் நொடிக்கு ஐந்தாறு, ஆழம் பாதிக்கும் கீழே. ஃபேஸர் (ஒலி சுழல்வது போலக் கேட்கும் எஃபெக்ட்) வேண்டுமானால் மிக மெதுவாக, ஒரு சுற்றுக்கு மூன்று நான்கு நொடி ஆகிற மாதிரி.

அப்புறம் டச். இதைத்தான் யாரும் தொடுவதில்லை. 61 கட்டை கீபோர்டுகளின் கட்டைகளுக்கு எடை குறைவு. விரல் தன்னையறியாமல் வேகமாக இறங்கி, வெலாசிட்டி (அடியின் வேகத்தைக் குறிக்கும் எண், உச்சம் 127) பெரும்பாலும் 100-க்கு மேலேயே நிற்கும். அதனால் எல்லா ஸ்வரமும் உறுமும், எதுவும் மணி அடிக்காது. செட்டிங்கில் டச் கர்வை (விரல் வேகத்துக்கு ஒலி எவ்வளவு ஏற வேண்டும் என்ற அமைப்பை) ‘ஹார்டு’க்கு மாற்றுங்கள். பிறகு ஒரே கார்டைப் பத்து முறை, ரகசியம் பேசுவது போலத் தொடங்கி கடைசியில் சண்டை போடுவது போல வாசித்துப் பாருங்கள். நான் வாரக்கணக்கில் இதை மட்டும் செய்தேன், வீட்டில் கொன்றுபோடாத குறை.

வாசிப்பையும் மாற்ற வேண்டும். சாதாரண பியானோ மாதிரி இடக்கையில் கனமான கார்டுகளை அடியில் வைத்தால் குழம்பிவிடும், ரோட்ஸின் கீழ்க்கட்டைகள் நீளமாக ஒலிக்கும். அடி ஸ்வரத்தை பேஸ் கிட்டார்காரரிடம் விட்டுவிட்டு, நடு சி-க்கு இரு பக்கமும் மூன்று நான்கு ஸ்வரம் வைத்தால் போதும். சஸ்டெய்ன் பெடலில் காலை ஊன்றிக்கொண்டே நிற்காதீர்கள். விரலை எடுத்ததும் ஒலி சட்டென்று வெட்டுப்படுவதும் அந்த வாத்தியத்தின் குணம்.

இதையெல்லாம் செய்தும் மனசு ஆறவில்லை என்றால் லேப்டாப் வழி இருக்கிறது. யுஎஸ்பி வயரில் கீபோர்டை இணைத்து பியானோடெக், லவுஞ்ச் லிசார்டு மாதிரி மாடலிங் (வாத்தியம் இயங்கும் விதத்தைக் கணக்கிட்டு ஒலி உண்டாக்கும்) மென்பொருளில் வாசியுங்கள். டைனுக்கும் பிக்கப்புக்கும் உள்ள தூரத்தைக்கூட அதில் நகர்த்தலாம். பஃபர் (லேப்டாப் ஒலியைச் சேர்த்து வைத்து அனுப்பும் அளவு) ரொம்பக் கூடினால் விரலுக்கும் காதுக்கும் நடுவே இடைவெளி தெரிய ஆரம்பிக்கும்.

வுர்லிட்சர் டோன் உங்கள் கீபோர்டில் இல்லாவிட்டால் ஒரு குறுக்கு வழி: ரோட்ஸ் டோனில் பேஸை நன்றாகக் குறைத்து, டிரைவை ஒரு படி ஏற்றி, மோனோ ட்ரெமோலோ போடுங்கள். தனியாக வாசித்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். டிரம்ஸும் பேஸும் சேர்ந்த பிறகு இதுவரை என்னை யாரும் பிடித்ததில்லை.