யானை வரவில்லை, காசு திரும்பக் கிடைக்குமா? – தேக்கடி கேள்வி-பதில்

விடுமுறை முடிந்ததும் வழக்கம்போலக் கடிதங்கள் குவிந்துவிட்டன. பாதிக்கு மேல் தேக்கடி. கம்பத்தைத் தாண்டி மலை ஏறினால் குமுளி, அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஏரி என்பதால் நம் பக்கத்து ஆட்கள் யோசிக்காமல் கிளம்பிவிடுகிறார்கள். யோசிக்காமல் வாங்கியும் விடுகிறார்கள். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், வசவுகளை நீக்கிவிட்டேன்.

கேள்வி: ஆறு பேர் படகில் போனோம். ஒன்றரை மணி நேரத்தில் நாலு மிளா, காட்டுப்பன்றிக் கூட்டம் ஒன்று, காக்கா மாதிரி கறுப்புப் பறவைகள். ஒரு யானைகூட இல்லை. டிக்கெட் காசைத் திரும்பக் கேட்கலாமா? (வாசகர், விருதுநகர்)

கேட்கலாம், கிடைக்காது. நீங்கள் வாங்கியது படகில் ஓர் இருக்கை. யானையோடு யாரும் ஒப்பந்தம் போடவில்லை. எந்த மாதம் போனீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, அதுதான் முக்கியம். மழைக்காலத்தில் காட்டுக்குள் ஓடைக்கு ஓடை தண்ணீர் இருக்கும். ஏரிக்கரைக்கு வரவேண்டிய அவசியம் யானைக்கு இல்லை. நீர்மட்டம் ஏறினால் கரையோரப் புல்லும் மூழ்கிவிடும். மாசி, பங்குனியில் உள்காடு காய்ந்த பிறகு காலை முதல் படகிலோ மாலை கடைசிப் படகிலோ போனால் வாய்ப்பு அதிகம். வாய்ப்புதான், உத்தரவாதம் இல்லை.

அந்தக் "காக்கா" நீர்க்காகம். அவை உட்கார்ந்திருந்த பட்டமரங்களைக் கவனித்தீர்களா? பென்னிகுயிக் கட்டிய முல்லைப் பெரியாறு அணை 1895இல் முடிந்து, பள்ளத்தாக்கு மூழ்கியபோது தண்ணீருக்குள் போன மரங்கள் அவை. நம் வைகைப் பாசனத்துக்காகத் தேக்கிய தண்ணீரில் நூற்று முப்பது வருடமாக நின்றுகொண்டிருக்கின்றன. கொடுத்த காசு எனக்கு அதிலேயே கழிந்துவிடும்.

கேள்வி: படகில் எழுந்து நின்று படம் எடுக்க விடவில்லை. லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றவும் விடவில்லை. வேர்த்து ஊற்றியது. இது சேவைக் குறைபாடு இல்லையா? (வாசகர், மதுரை)

இல்லை. 2009 செப்டம்பர் 30 அன்று இதே ஏரியில் இரண்டடுக்குப் படகு ஒன்று கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் விலங்குகளைக் கண்டதும் பயணிகள் ஒரு பக்கமாகச் சாய்ந்ததைப் பிழைத்தவர்கள் சொன்னார்கள். உங்களை உட்காரச் சொன்ன ஊழியரைப் பற்றிப் புகார் எழுதித் தரக் கேட்கிறீர்கள். எழுதித் தர மாட்டேன். யாராவது ஜாக்கெட் கொடுக்காமல் படகை எடுத்தால் சொல்லுங்கள், அன்றைக்கே எழுதித் தருகிறேன்.

கேள்வி: தேக்கடிக்காகவே ஆன்லைனில் "60x60, இரவிலும் தெரியும்" என்ற பைனாகுலர் 1,400 ரூபாய்க்கு வாங்கினேன். பகலிலேயே மங்கலாகத் தெரிகிறது. பார்த்தால் தலைவலி. (வாசகி, திண்டுக்கல்)

வாருங்கள், நம் சங்கத்தில் சேருங்கள். பல வருடங்களுக்கு முன்னால் நானும் ஒன்று வாங்கினேன். முன்கண்ணாடி இரண்டும் மாணிக்கக்கல் மாதிரி சிவப்பாக ஜொலிக்கும். அந்தச் சிவப்புப் பூச்சு வெளிச்சத்தில் இருக்கும் சிவப்பைத் திருப்பி அனுப்பிவிடும், கண்ணுக்கு வந்து சேருவது பச்சையடித்த காட்சி. பச்சை யானையைப் பார்த்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். இப்போது அது என் பேரனிடம் விளையாட்டுச் சாமானாக இருக்கிறது.

இந்த எண் வியாபாரத்தைப் பற்றிச் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது, பொறுத்துக்கொள்ளுங்கள். பைனாகுலரில் 8x42 என்று இருந்தால் 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. 42 என்பது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். 42ஐ 8ஆல் வகுத்தால் ஐந்து மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வருகிறது. கண்ணுக்குள் விழும் ஒளிக்கற்றையின் அகலம் அது. விடியலிலும் அந்தியிலும், அதாவது விலங்கு வெளியே வரும் நேரத்தில், அந்த அகலம்தான் காட்சியை வெளிச்சமாக வைக்கும். உங்கள் 60x60ஐ வகுத்துப் பாருங்கள்: ஒரு மில்லிமீட்டர். ஊசித்துளை வழியாகக் காட்டைப் பார்ப்பது போலத்தான். இதில் பெரும்பாலும் அந்த 60 மடங்கும் பொய்யாகவே இருக்கும். உண்மையாக இருந்தாலோ இன்னும் மோசம், மடங்கு ஏற ஏறக் கை நடுக்கமும் அதே மடங்கு ஏறும். இன்ஜின் அதிரும் படகில் 8 மடங்குக்கு மேல் எதையும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். "இரவிலும் தெரியும்" என்பது சுத்தப் பொய். இரவுப் பார்வைக் கருவி என்பது வேறு சாதனம், வேறு விலை.

தலைவலிக்குக் காரணம் உள்ளே இருக்கும் பட்டகங்கள் (ஒளியைத் திருப்பும் கண்ணாடிக் கட்டிகள்) இடம் பிசகி, இரண்டு குழல்களும் ஒரே திசையில் பார்க்காததாக இருக்கலாம். தூரத்துப் பெயர்ப்பலகை ஒன்றைப் பாருங்கள். எழுத்து இரட்டையாகத் தெரிந்தால் சந்தேகமே இல்லை. விளம்பரத்தையும் பொருளையும் படம் எடுத்துவைத்துக்கொண்டு, பொய்யான வர்ணனை என்று காரணம் எழுதித் திருப்பி அனுப்புங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்த தடவை கடைக்குப் போய்க் கண்ணில் வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: ட்ரோன் வாங்கியிருக்கிறேன். ஏரிக்கு மேலே பறக்கவிடலாமா? (வாசகர், தேனி)

அந்த ஏரி புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது, அங்கே கூடாது. கல்யாண வீடுகளுக்கு வாடகைக்கு விடுங்கள்.

கேள்வி: "ஏரி தெரியும் அறை" என்று இணையத்தில் பார்த்து இரண்டு இரவுக்கு முன்பணம் கட்டினோம். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். கேட்டதற்கு "மாடிக்குப் போய்ப் பாருங்கள்" என்றார்கள். மாடியிலும் ஏரி இல்லை. (வாசகி, திருச்சி)

இருக்காது. குமுளிக் கடைத்தெருவிலிருந்து படகுத்துறை நாலு கிலோமீட்டர், அதுவும் காட்டுக்குள். ஏரியோரம் தங்க வேண்டுமானால் காப்பகத்துக்குள்ளேயே இருக்கும் அரசு விடுதிகள்தான். அதில் ஒன்று திருவிதாங்கூர் ராஜாவின் பழைய கோடை மாளிகை, படகில்தான் போக வேண்டும், விலையும் ராஜாவுக்கு ஏற்றதுதான். வரைபடத்தை ஒரு தரம் பார்த்திருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்கும். சரி, அதற்காக அவர்கள் சொன்ன பொய் உண்மையாகிவிடாது. எனக்கும் இதே மாதிரி வேறு ஊரில் ஒரு "நீர் நோக்கிய அறை" கிடைத்தது. நீர் இருந்தது, மேல்நிலைத் தொட்டியில்.

உங்களிடம் விளம்பரத்தின் படம் இருக்கிறது, பணம் கட்டிய ரசீது இருக்கிறது. முதலில் 1915. பிறகு நுகர்வோர் ஆணையம். 2019ஆம் வருடச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், விடுதி இருக்கும் இடுக்கி மாவட்டத்துக்கு அலைய வேண்டாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, இணையத்திலும் தாக்கல் செய்யலாம். இரண்டு வருடத்துக்குள் செய்யுங்கள். "இன்னும் ஒரே ஒரு அறைதான் பாக்கி" என்று திரையில் மின்னியதால் அவசரப்பட்டேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அறைகள் காலியாக இருக்கும்போது அப்படி மிரட்டுவதை 2023இல் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல் தடை செய்கிறது. அதையும் புகாரில் சேருங்கள்.

கேள்வி: "காட்டுக்குள் ஜீப் சஃபாரி" என்று 3,000 ரூபாய் கொடுத்தோம். ஏலத்தோட்டம், தேயிலை, ஒரு மலைமுகடு காட்டித் திரும்பக் கொண்டுவந்துவிட்டார். இதுவா காடு? (வாசகர், சிவகாசி)

இல்லை. தனியார் ஜீப் காப்பகத்துக்குள் இஷ்டம்போல நுழைய முடியாது. குமுளியில் விற்கும் ஜீப் பயணங்கள் பெரும்பாலும் சத்திரம் என்ற ஊர்ப் பக்கத்து மேடுகளையும் தோட்டங்களையும் சுற்றுபவை. குலுங்கல் பிடித்தவர்களுக்கு நல்ல பயணம்தான், குறை சொல்ல மாட்டேன். ஏறும் முன்னால் "எந்த செக்போஸ்ட் வழியாகப் போகிறோம், வனத்துறை ரசீது உண்டா?" என்று கேட்டிருந்தால் போதும், ஓட்டுநரின் முகமே பதில் சொல்லியிருக்கும்.

காட்டுக்குள் கால் வைக்க ஆசை என்றால் வனத்துறை நடத்தும் மூங்கில் தெப்பப் பயணம் இருக்கிறது. காலையிலிருந்து மாலை வரை, பாதி நடை, பாதி தெப்பம், துணைக்குத் துப்பாக்கியோடு ஒரு காவலர். வழிகாட்டிகளில் பலர் ஒரு காலத்தில் இதே காட்டில் வயணப் பட்டை, அதாவது காட்டு இலவங்கப்பட்டை, திருடியவர்கள். 1990களின் கடைசியில் வனத்துறை அவர்களையே காவலுக்கும் வழிகாட்டலுக்கும் எடுத்துக்கொண்டது. யானை எந்தப் பள்ளத்தில் இறங்கும் என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்? ஆட்கள் குறைவாகத்தான் எடுப்பார்கள், முன்பதிவு அவசியம். அட்டைப்பூச்சி ஏறாத நீளக் காலுறை அங்கேயே கொடுப்பார்கள். கடைவீதியில் தனியாக வாங்காதீர்கள்.

கேள்வி: படகுத்துறைப் பக்கம் ஒருவர் "கவுன்டரில் தீர்ந்துவிட்டது, என்னிடம் நாலு இருக்கிறது" என்றார். அம்மாவுக்கு முட்டிவலி, வரிசையில் நிற்க முடியவில்லை. போனில் பணம் அனுப்பினோம். வாசலில் அது பழைய தேதி டிக்கெட் என்று திருப்பிவிட்டார்கள். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். (வாசகி, ராஜபாளையம்)

வேண்டாம்மா. வயதான தாயை வைத்துக்கொண்டு வெயிலில் நிற்கிறவர்களைத் தேடிப் பிடித்து ஏமாற்றுவதுதான் அவன் பிழைப்பு, உங்கள் புத்தியில் கோளாறு இல்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகாதீர்கள். அவன் வியாபாரி இல்லை, மோசடிக்காரன். இணையப் பண மோசடிக்கான 1930க்கு இன்றே கூப்பிட்டுப் பரிவர்த்தனை எண்ணைக் கொடுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்த முடியும். போன் எண் உங்களிடம் இருப்பதால் குமுளி காவல் நிலையத்துக்கும் எழுத்தில் ஒரு புகார் அனுப்புங்கள். அடுத்த முறை வார நாளில் போங்கள், ஊரிலிருந்தே இணையத்தில் எடுத்துக்கொண்டு. அம்மாவை ஒரு முறை அந்த ஏரியைப் பார்க்க வைத்துவிடுங்கள்.

கேள்வி: டாக்சி டிரைவர் "தோட்ட விலை" கடைக்குக் கூட்டிப்போனார். ஏலக்காயை வீட்டில் தண்ணீரில் போட்டால் பச்சைச் சாயம் இறங்குகிறது. (வாசகர், கோயம்புத்தூர்)

தோட்ட விலையில் டிரைவரின் கமிஷனும் சேர்த்தி. ஏலக்காய் புற்றடியிலும் நம் போடியிலும் ஏலம் போகிறது, அன்றன்றைய சராசரி விலை வெளியாகிறது. கிளம்பும்போது அதைப் பார்த்துக்கொண்டு போயிருக்கலாம். சாயத்துக்கு உணவுப் பாதுகாப்புத் துறையில் புகார் கொடுங்கள், பாக்கெட்டில் 14 இலக்க உரிம எண் இருந்தால் அதையும் சேர்த்து. இல்லையென்றால் அதைப் பார்க்காமல் ஏன் வாங்கினீர்கள்?

பட்டையும் வாங்கினேன் என்கிறீர்கள். உடைத்துப் பாருங்கள். மெல்லிய தாள் அடுக்கு மாதிரி சுருண்டிருந்தால் அசல் இலவங்கப்பட்டை. தடித்த ஒற்றைச் சுருள் என்றால் காசியா, அதே மாதிரி இருக்கும் மலிவான வேறு பட்டை. அரைக் கிலோ காசியாவை இலவங்கப்பட்டை விலையில் வாங்கியவன் சொல்கிறேன்.

கேள்வி: கடையில் தண்ணீர் பாட்டிலுக்கு எம்ஆர்பிக்கு மேல் ஐந்து ரூபாய் கேட்டார்கள். கொடுத்துவிட்டேன். (வாசகர், கம்பம்)

கம்பத்திலிருந்து ஒரு பாத்திரத்தில் தண்ணீர் கொண்டுபோயிருக்கலாம்.