ஒரே நேரத்தில் இரண்டு ஏழடி ஆட்டக்காரர்கள்: கல்லூரிக் கூடைப்பந்து கேள்வி பதில்

கேள்வி: எல்லா அணிகளும் தூரத்திலிருந்து மூன்று புள்ளிக்கு எறியும் இந்தக் காலத்தில், அமெரிக்கக் கல்லூரி அணிகள் இன்னும் இரண்டு உயரமானவர்களைச் சேர்த்து இறக்குவது ஏன்?

பதில்: முதல் காரணம் விதி. அமெரிக்கத் தொழில்முறைத் தொடரான என்.பி.ஏ.வில் யாரையும் நெருங்கிக் காக்காத தடுப்பாளர் கூடையடிப் பகுதியில் மூன்று நொடிக்கு மேல் நிற்கக் கூடாது. கல்லூரி ஆட்டத்தில் தடுப்பாளருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லாததால், உயரமானவர் அங்கேயே காவல் நிற்கலாம். அடுத்தது ரீபவுண்டு, அதாவது கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது. 2017இல் கென்னடி மீக்ஸ், ஐசையா ஹிக்ஸ் இருவரையும் சேர்த்து ஆடவிட்ட வட கரோலினா, தன் வீரர்கள் தவறவிட்ட பந்துகளைத் தானே மீண்டும் பிடித்துப் போட்டே தேசிய சாம்பியன் பட்டம் வரை சென்றது.

கேள்வி: அப்படியானால் கூடையடியில் நெரிசல் ஏற்படாதா?

பதில்: இருவரும் அங்கேயே கூடைக்கு முதுகைக் காட்டிப் பந்து கேட்டால் கட்டாயம் ஏற்படும். ஒருவருக்காவது பந்தைத் தட்டிக்கொண்டு வரவும் பாஸ் கொடுக்கவும் தெரிந்திருக்க வேண்டும். என்னைக் கேட்டால், எறியத் தெரிவதைவிட இதுவே முக்கியம். 2024-25இல் மிச்சிகன் அணியைப் பாருங்கள். முந்தைய பருவத்தில் 8 வெற்றி, 24 தோல்வி என்று கிடந்த அணிக்குப் புதிய பயிற்சியாளராக வந்த டஸ்டி மே, ஏழடி ஓரங்குல விளாடிஸ்லாவ் கோல்டினையும், யேல் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஏழடி டேனி வுல்ஃபையும் ஒன்றாக நிறுத்தினார். வழக்கமாகக் கார்டு, அதாவது பந்தை நடத்திச் செல்லும் வெளிவட்ட ஆட்டக்காரர், செய்யும் வேலையை வுல்ஃப் செய்தார்: அவர் பந்தோடு கூடையிலிருந்து தள்ளி நிற்க, கோல்டின் வந்து ஸ்க்ரீன் போடுவார், அதாவது தடுப்பாளரின் வழியை மறித்து நிற்பார். வுல்ஃபைக் காப்பவரும் பெரும்பாலும் உயரமானவரே என்பதால், ஸ்க்ரீனைச் சுற்றி ஓடிப் பழக்கமில்லாத அவர் ஒரு கணம் சிக்கிக்கொள்வார். அதற்குள் பந்து எல்லாத் தலைகளுக்கும் மேலாக ரிங்கருகே கோல்டின் கைக்குப் போய்விடும். இதற்கு விலையும் உண்டு. வுல்ஃப் பந்தைப் பறிகொடுத்ததும் அதிகம். ஆயினும் அந்த அணி, தான் இருக்கும் கல்லூரிக் கூட்டமைப்பான பிக் டென்னின் போட்டித்தொடரை வென்று, தேசியத் தொடரில் கடைசி 16 வரை சென்று ஆபர்னிடம் தோற்றது.

கேள்வி: எதிரணியின் உயரமானவர் தூரத்திலிருந்து எறிபவராக இருந்தால்?

பதில்: அதுதான் உண்மையான தலைவலி. 2015இல் கார்ல்-ஆந்தனி டவுன்ஸ், வில்லி காலி-ஸ்டைன் இருந்த கென்டக்கி 38 ஆட்டங்களைத் தொடர்ந்து வென்றபின், அரையிறுதியில் விஸ்கான்சினிடம் 71-64 என்று வீழ்ந்தது. வெளியே நின்றும் எறியும் ஏழடிக்காரரான ஃபிராங்க் காமின்ஸ்கி அன்று 20 புள்ளியும் 11 ரீபவுண்டும் எடுத்தார். அவரைத் துரத்தி இருவரில் ஒருவர் கூடையடியை விட்டு வெளியே வந்தால், கூடையடியில் இருவர் என்ற சாதகம் அங்கேயே போய்விடுகிறது.

கேள்வி: இருவரில் ஒருவர் ஃபவுலில் சிக்கினால்?

பதில்: கல்லூரியில் ஐந்து ஃபவுலோடு அந்த வீரரின் ஆட்டம் முடிந்துவிடும். அதனால் இருவரையும் ஒரே நேரத்தில் வெளியே உட்காரவைக்காமல், ஒருவர் பின் ஒருவராக மாற்றுவதே நடைமுறை.