கிராமத்துப் பெரியவர்களுக்குப் பகல் நேர மையம் தொடங்கினால் என்னென்ன வைக்க வேண்டும்?

பல்லடம் பக்கத்துக் கிராமம், வெளியூரில் வேலை பார்க்கும் பத்துப் பேர் சேர்ந்து ஊர்ப் பெரியவர்களுக்கு ஒரு பகல் நேர மையம் தொடங்கப் போகிறீர்கள், யோகா, கேரம், டிவி, சின்ன நூலகம் என்று யோசித்திருக்கிறீர்கள், வேறென்ன சேவைகள் வைத்தால் அவர்கள் விடாமல் வருவார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் காங்கயம் பக்கம் முப்பது வருடத்துக்கு மேல் தபால்காரராக இருந்தவன். ஓய்வு பெற்ற பிறகு எங்கள் ஊர்ச் சமுதாயக் கூடத்தில் நடக்கும் பெரியவர்கள் மையத்தில் வேலை செய்கிறேன். உங்கள் பட்டியலில் இல்லாத ஒன்றைத்தான் முதலில் சொல்ல வேண்டும். வண்டி.

நம் பக்கத்து வீடுகள் ஊருக்குள் மட்டும் இல்லை. பாதிப் பேர் தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்துக்குள்ளேயே தனியாக இருக்கும் வீட்டில் இருக்கிறார்கள். ஒரு சாளைக்கும் அடுத்த சாளைக்கும் நடுவே ஒரு கொறங்காடோ (மேய்ச்சல் காடு) இரண்டு வயலோ கிடக்கும். தார்ச்சாலைக்கு வரவே இட்டேரியில், இரண்டு பக்கமும் வேலி இருக்கும் மண்பாதையில், ஒன்றரைக் கிலோமீட்டர் நடக்க வேண்டும். நடுத்தர வயதில் அது தூரமே இல்லை. எழுபத்தெட்டு வயதில், முழங்கால் தேய்ந்த பிறகு, அது அடுத்த மாவட்டம் மாதிரி. நாங்கள் தொடங்கிய முதல் மாதம் வந்தவர்கள் நான்கு பேர், நான்கு பேரும் கூடத்துக்குப் பக்கத்துத் தெரு. பாய், நாற்காலி, செய்தித்தாள் எல்லாம் வாங்கி வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இரண்டாவது மாதம் ஒரு பழைய ஆம்னி வேனை ஏற்பாடு செய்து, மூன்று தடத்தில் சாளை சாளையாகப் போய்க் கூட்டி வந்தோம். ஏறி இறங்க ஒரு மரப்படியும் செய்து வண்டியிலேயே போட்டுக்கொண்டோம், அந்தப் படி இல்லாமல் பாட்டிமார் பலருக்கு ஏற முடியாது. அந்த மாதமே முப்பது பேர் ஆனார்கள். உங்களிடம் இருக்கும் பணத்தில் பாதியை எரிபொருளுக்கும் ஓட்டுநர் சம்பளத்துக்கும் ஒதுக்குங்கள். டிவி இல்லாவிட்டால் ஒன்றும் குறையாது.

இரண்டாவது, நேரம். காலை ஒன்பதிலிருந்து ஐந்து வரை என்று முதலில் போர்டு எழுதினோம். ஒரு ஆத்தா என்னிடம் கேட்டார்: "ஏனுங் தம்பி, நாலு மணிக்குப் பால் கறக்கோணும். சொசைட்டிக்காரன் எனக்காக நிப்பானா?" அவருக்கு வயது எண்பத்தொன்று, வீட்டில் ஒரு மாடு, ஒரு கன்று. அந்த மாடு அவர் பிழைப்பு மட்டுமில்லை, பொழுதும் அதுதான். மாட்டை விட்டுவிட்டு வா என்று சொல்லும் மையத்துக்கு நம் பக்கத்தில் யாரும் வரமாட்டார்கள். இப்போது பத்தரைக்குத் தொடங்கி இரண்டரைக்கு முடிக்கிறோம். காலைக் கறவை முடித்து, கட்டுத்தரை கூட்டி, குளித்து வருவார்கள். மாலைக் கறவைக்குள் வீட்டில் இருப்பார்கள். ஊர் நோம்பி (கோயில் திருவிழா) சாட்டிவிட்டால் அந்த வாரம் மையம் கிடையாது, ஒறம்பரை (உறவினர்) வந்திருப்பார்கள், யாரும் நகர மாட்டார்கள். அதை முன்கூட்டியே நாள்காட்டியில் குறித்துவிடுங்கள்.

பெயரிலும் கவனம் வேண்டும். 'முதியோர்' என்று தொடங்கினாலே முதியோர் இல்லம் என்றுதான் காதில் விழுகிறது. "பையன் கொண்டுபோய் விட்டுட்டானா?" என்று ஊரார் கேட்பார்கள் என்கிற பயம் பெரியவர்களைவிட அவர்கள் மக்களுக்கு அதிகம். எங்கள் போர்டில் ஊர்ப் பெயரும் 'பெரியவர்கள் கூடம்' என்றும் மட்டும் இருக்கிறது.

இனி சேவைகள். எல்லாரையும் முதலில் இழுத்தது யோகாவோ பஜனையோ இல்லை, பென்ஷன், வங்கி மாதிரிக் காகித வேலைகளை முடித்துக் கொடுக்கும் காகித மேஜை. வாரத்தில் இரண்டு நாள் நானும், ஓய்வு பெற்ற ஒரு ஆசிரியையும் உட்கார்வோம். 1962-ல் மாதம் 20 ரூபாயில் தொடங்கிய முதியோர் உதவித்தொகை 2011-ல் 1,000 ஆனது, 2023-ல் 1,200 ஆனது. அதை மணியார்டராகக் கையில் எண்ணிக் கொடுத்தவன் நான். அப்போது கைநாட்டு வைத்தால் போதும், ஆளை எனக்குத் தெரியும். இப்போது பணம் வங்கிக் கணக்குக்குப் போகிறது, விரல் ரேகை பொருந்தவேண்டும். அறுபது வருடம் களை எடுத்த கையில், தறி நெய்த கையில் ரேகை எங்கே இருக்கும்? எங்கள் மையத்துக்கு வரும் ஒரு பாட்டியை மூன்று முறை மிஷின் ஏற்கவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். மூன்று முறையும் பஸ்ஸேறிப் போய் வெறுங்கையோடு வந்தார். நான்காவது முறை நான் கூடப் போய், பாஸ்புக்கை வைத்துப் பணம் எடுக்கும் தாளை நிரப்பி, கவுண்டரிலேயே வாங்கிக் கொடுத்தேன். பிறகு ஆதாரில் அவருடைய கண் கருவிழிப் பதிவையும் புதுப்பித்தோம்.

பென்ஷன் வாங்குகிறவர் உயிரோடு இருக்கிறார் என்று வருடந்தோறும் கொடுக்கும் ஆயுள் சான்றிதழும் அப்படித்தான். 2014 நவம்பரில் அதை இணையத்திலேயே கொடுக்கும் ஜீவன் பிரமாண் வந்தது, 2021-ல் முகத்தை வைத்தே உறுதி செய்யும் வசதியும் வந்துவிட்டது. ஒரு ஆண்ட்ராய்டு போனும் நல்ல வெளிச்சமும் இருந்தால் கூடத்தில் வைத்தே முடிக்கலாம். கோவை, திருப்பூர் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்று பி.எஃப். பென்ஷன் வாங்குகிறவர்கள் உங்கள் ஊரிலும் இருப்பார்கள். அவர்கள் நவம்பரில்தான் கொடுக்கவேண்டும் என்று இல்லை, எந்த மாதம் கொடுத்தாலும் அதிலிருந்து ஒரு வருடம் செல்லும். இது தெரியாமல் நவம்பரில் வரிசையில் நின்று மயங்கி விழுந்தவரை நான் பார்த்திருக்கிறேன். ரேஷன் பொருளை வயதானவர்களின் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது. உங்கள் ஊரில் யார் யார் பெயர் அதில் இருக்கிறது, யார் விடுபட்டிருக்கிறார்கள் என்று ஒரு நாள் உட்கார்ந்து சரிபாருங்கள்.

சொத்து விஷயத்தைப் பெரியவர்கள் மேஜையில் பேசமாட்டார்கள். வண்டியில் கடைசியாக இறங்கும்போது மெதுவாகக் கேட்பார்கள். பையனுக்கோ மகளுக்கோ செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு சோற்றுக்கு ஏங்கியவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்படி கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கொடுக்கச் சொல்லி உத்தரவிட முடியும், 90 நாளுக்குள் முடிக்கவேண்டும் என்பது சட்டம். அதே சட்டத்தின் 23-ஆம் பிரிவு, கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, பார்த்துக்கொள்ளாதபோது செல்லாது என்று அறிவிக்க வழி செய்கிறது. எனவே எழுதப் போகிறவர்களிடம் நான் ஒன்றைத்தான் சொல்வேன்: அந்த நிபந்தனையைப் பத்திரத்தில் வாக்கியமாகவே எழுதச் சொல்லுங்கள், வாய்வார்த்தையாக விடாதீர்கள். வருடத்துக்கு இரண்டு முறை ஒரு வழக்கறிஞரைக் கூட்டி வந்து எல்லாருக்கும் பொதுவாகப் பேச வையுங்கள். பொதுவாகப் பேசினால் யார் வீட்டுக் கதை என்று யாருக்கும் தெரியாது. 14567 என்கிற முதியோர் உதவி எண்ணை அட்டையில் பெரிதாக எழுதி ஒவ்வொருவர் வீட்டுச் சுவரிலும் ஒட்டினோம்.

உடம்பு பற்றிச் சொன்னால், பிரஷர், சர்க்கரை பார்க்கும் கருவி வாங்குவது சுலபம். வீடு தேடி வந்து மாத்திரை கொடுக்கும் அரசுத் திட்டமான மக்களைத் தேடி மருத்துவம் 2021-லிருந்து நடக்கிறது, அதன் தன்னார்வலர் பெண் எங்கள் கூடத்துக்கே வந்து மாத்திரை கொடுத்துவிடுகிறார், நாற்பது வீடு சுற்றும் அலைச்சல் அவருக்கும் மிச்சம். ஆனால் நாங்கள் செய்ததிலேயே அதிகம் பயன்பட்டது மஞ்சப்பை நாள். மாதத்தில் ஒரு நாள், வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும் ஒரு மஞ்சப்பையில் போட்டுக் கொண்டு வரச் சொல்வோம். ஓய்வு பெற்ற ஒரு நர்ஸ் அம்மா ஒவ்வொன்றாகப் பார்ப்பார். ஒரு அப்பிச்சி ஒரே பிரஷர் மருந்தை இரண்டு கம்பெனிப் பெயரில் காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று மாதக்கணக்கில் விழுங்கி வந்தார். அவர் அடிக்கடி தலை சுற்றுகிறது என்று சொன்னதை வயசாகிவிட்டது என்றே எல்லாரும் நினைத்திருந்தோம். நர்ஸ் அம்மா எதையும் நிறுத்தச் சொல்லவில்லை, ஒரு சீட்டில் எழுதி ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் அனுப்பினார். டாக்டர் சரிசெய்தார். தலைசுற்றல் போய்விட்டது.

யோகா வைக்காதீர்கள் என்று சொல்லமாட்டேன். பொள்ளாச்சி பக்கத்து ஜமீன் காளியாபுரத்தில் பிறந்த நானம்மாள் தொண்ணூறு கடந்த வயதிலும் ஆசனம் சொல்லிக் கொடுத்து 2018-ல் பத்மஸ்ரீ வாங்கிய மண் இது. ஆனால் அவர் சின்ன வயதிலிருந்து செய்தவர். எழுபதில் தொடங்குகிறவரைத் தரையில் உட்காரச் சொன்னால் எழுந்திருக்கவே இரண்டு பேர் வேண்டும். நாங்கள் நாற்காலியில் இருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது, ஒற்றைக் காலில் பத்து எண்ணும்வரை நிற்பது, இவ்வளவுதான் தினமும் கால் மணி நேரம் செய்கிறோம். கீழே விழாமல் இருக்கத் தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் பலம் வேண்டும்.

சாப்பாடு வாரம் நான்கு நாள். அரிசிம்பருப்புச் சாதம்தான் அதிகம், குழைய வேகும், பல் இல்லாதவர்களும் சாப்பிடலாம். கொள்ளு ரசம், பச்சைப்பயிறு கடைசல், வெயில் காலத்தில் கம்மங்கூழ். இதில் ஒரு விஷயத்தைத் தொடங்கும் முன்பே பத்துப் பேரும் உட்கார்ந்து முடிவு செய்துவிடுங்கள். எங்கள் கூடத்துக்கு ஊர் வளவிலிருந்தும் வருகிறார்கள், தெற்கு வளவிலிருந்தும் வருகிறார்கள், இரண்டும் வேறு வேறு சாதிக் குடியிருப்பு. ஒரே பந்தி, ஒரே மாதிரி வட்டல், ஒரே குடம், ஒரே வண்டி. முதல் நாளே சொல்லிவிட்டோம். இரண்டு குடும்பங்கள் வரமாட்டோம் என்றார்கள், சரி என்று விட்டோம். அதில் ஒருவர் ஏழு மாதம் கழித்து, மனைவி இறந்த பிறகு, தானே வந்து பந்தியில் உட்கார்ந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் தண்ணீர்ச் சொம்பை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார், அவர் எடுத்துக் குடித்தார்.

பெரியவர்களிடமிருந்து வாங்கிக்கொள்ள உங்களுக்கு ஏதாவது இருக்க வேண்டும், கொடுத்துக்கொண்டே இருந்தால் அவர்களுக்குக் கூச்சம் வந்துவிடும். மேட்டுப்பாளையம் பக்கத்துத் தாயனூர் பத்திரப்பன் ஐயாவுக்கு 87 வயதில், 2024-ல், பாட்டோடு ஆடும் வள்ளி ஒயில் கும்மிக்காகப் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்தச் செய்தியைக் கூடத்தில் வாசித்த அன்றைக்கு, அதுவரை வாயே திறக்காத ஒரு அம்மாயி, "எனக்கும் பாட்டு தெரியுமுங்" என்றார். முழங்கால் வலியால் ஆட முடியாது. சனிக்கிழமை பள்ளிக்கூடப் பெண் பிள்ளைகள் வருகிறார்கள், அவர் நாற்காலியில் உட்கார்ந்து பாடுவார், கைத்தட்டுத் தப்பினால் நிறுத்தித் திரும்பச் சொல்வார். விதை பொறுக்குவது, மாட்டுக்கு நோய் வந்தால் அடையாளம் சொல்வது, பழைய எல்லைக்கல் எங்கே இருந்தது என்று காட்டுவது, இப்படி ஒவ்வொருவரிடமும் ஒன்று இருக்கிறது. கேட்டால் அடுத்த நாள் நேரத்துக்கு முன்பே கிளம்பி நிற்பார்கள்.

கடைசியாக வருகை நோட்டு. தினமும் பெயர் கூப்பிட்டு எழுதுகிறோம். வரவேண்டியவர் வரவில்லை என்றால் பதினொரு மணிக்குள் போன் செய்வோம், எடுக்காவிட்டால் ஓட்டுநர் நேரில் போவார். போன வருடம் ஒரு அப்பாரு மோட்டார் ரூம் படியில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து காலை ஆறு மணியிலிருந்து கிடந்தார். பதினொன்றேகாலுக்கு ஓட்டுநர் போய்ப் பார்த்தார். பெங்களூரில் இருக்கும் மகன் வழக்கமாக இரவு எட்டரைக்குத்தான் கூப்பிடுவாராம். அப்பாரு இப்போது வாக்கரோடு வருகிறார். 2024 நவம்பரில் உங்கள் பல்லடம் பக்கத்திலும், 2025-ல் சிவகிரி பக்கத்திலும் தோட்டத்து வீட்டில் இருந்த பெரியவர்கள் கொல்லப்பட்ட பிறகு, எங்கள் ஆட்கள் இரவில் தூங்கவே பயந்தார்கள். மையத்தால் இரவுக் காவல் போட முடியாது. எந்தச் சாளையில் யார் தனியாக இருக்கிறார்கள் என்கிற பட்டியலைக் காவல் நிலையத்தில் கொடுத்தோம், பக்கத்து இரண்டு சாளைக்காரர்களின் எண்களை ஒவ்வொருவர் போனிலும் முதல் இரண்டு பொத்தானில் போட்டுக் கொடுத்தோம்.

அரசு 2025-26 பட்ஜெட்டில் 10 கோடி ரூபாயில் 25 அன்புச்சோலை மையங்கள் அறிவித்தது. அவை பகல் நேர மையங்கள்தான், ஆனால் நகரத்துக்கானவை. போய்ப் பார்த்து வாருங்கள், நாற்காலி உயரம், கழிப்பறைக் கைப்பிடி இதையெல்லாம் கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஊரில் முதலில் செய்ய வேண்டியது, ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பத்துப் பேரும் இட்டேரி இட்டேரியாக நடந்து, ஒவ்வொரு சாளையிலும் இரண்டு கேள்வி கேட்பது: எத்தனை மணிக்குக் கை ஓயும், எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும். பதில்களை எழுதி வையுங்கள். வண்டிக்கும் ஓட்டுநருக்கும் வழி பிறந்ததும் இங்கேயே பதில் போடுங்கள், தடம் பிரிக்க நானும் வருகிறேன். மாதத்தில் ஒரு புதன்கிழமை எங்களுக்கு மஞ்சப்பை நாள், அன்றைக்கு மட்டும் வேண்டாம்.