வெளிநாட்டு அரசுகள் தரும் பால்புதுமையினர் (LGBTQ+) உரிமை நிதி சின்னக் குழுக்களுக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது?

நேராகப் போவது அபூர்வம். கனடா 2019-இல், ஐந்து ஆண்டுகளுக்கு 3 கோடி கனடிய டாலர், அப்புறம் ஆண்டுக்கு 1 கோடி என்று அறிவித்தது. சரி, ஆனால் அரசுப் பணம் என்றால் தணிக்கை, அறிக்கை என்று ஆயிரம் கேட்பார்கள். வாடகை அறையில் நாலு பேர் நடத்தும் குழு, அதுவும் ஓரினச்சேர்க்கையே குற்றமாக இருக்கும் நாட்டில், பதிவு செய்யவே முடியாமல், வங்கிக் கணக்குகூட இல்லாமல் திண்டாடும்போது அதையெல்லாம் எங்கே போய்க் காட்டும்? அதனால் நியூயார்க்கின் அஸ்ட்ரேயா (1977-இல் தொடங்கியது) போன்ற இடைநிலை அமைப்புகள் பல இடங்களில் நிதி திரட்டிச் சிறு மானியங்களாகப் பிரித்துத் தருகின்றன.

இந்தியாவுக்குள் இப்படிப் பிரித்துக் கொடுக்க வழியில்லை. எஃப்சிஆர்ஏ என்கிற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020 திருத்தப்படி, வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றக் கூடாது. குழு சேலத்தில் இருந்தாலும் பணம் முதலில் டெல்லியில் இதற்கென்று குறித்த ஒரே ஒரு ஸ்டேட் வங்கிக் கிளையில்தான் இறங்க வேண்டும்.